வில்லுப்பாட்டுக்கு எவ்வளவு ரிவெர்ப்? நெல்லைப் பக்கத்து வீட்டு ஸ்டுடியோக்களுக்கான கேள்வி பதில்

திருநெல்வேலி, தென்காசி, வள்ளியூர்ப் பக்கம் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸும் மைக்கும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே கொடைப் பாடல் (ஊர்க்கோயில் திருவிழாப் பாட்டு), வில்லுப்பாட்டு, கீர்த்தனை, குறும்பட இசை என்று பதிவு செய்கிறவர்கள் ரிவெர்ப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எந்த சாஃப்ட்வேர் வைத்திருந்தாலும் பொருந்தும். இந்தப் பக்கத்துப் பாட்டில் சொல் காதில் விழுவதுதான் முதல் காரியம். ரிவெர்ப் எவ்வளவு அழகாக இருந்தாலும் சொல்லை விழுங்கினால் அது தப்பான ரிவெர்ப். பதில்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

மிக்சரில் ‘எக்கோ’ன்னு ஒரு குமிழ் இருக்கே, அதுவும் ரிவெர்ப்பும் ஒண்ணுதானா?

இல்லை. சொன்னது தனியாகத் திரும்பிக் கேட்டால் எக்கோ. நூற்றுக்கணக்கான எதிரொலிகள் ஒன்றோடொன்று ஒட்டி, எண்ண முடியாதபடி ஒரே படலமாகித் தேய்ந்தால் ரிவெர்ப். பேச்சில் சுமார் 50 மில்லி செகண்டுக்குள் திரும்பி வருவதைக் காது மூல ஒலியோடு சேர்த்துக்கொள்ளும்; அதைத் தாண்டினால் பிரித்துக் கேட்க ஆரம்பிக்கும். 30 டிகிரி வெயிலில் ஒலி செகண்டுக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. அதனால் எதிர்ச்சுவர் கிட்டத்தட்ட 9 மீட்டருக்கு அப்பால் இருந்தால்தான் எக்கோ என்று தோன்றும். பாபநாசம் மலையடியில் நின்று கூப்பிட்டு ஒரு செகண்டு கழித்துக் குரல் திரும்பினால், பாறை சுமார் 175 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று அர்த்தம்.

சவுண்ட் சர்வீஸ் மிக்சரில் ‘எக்கோ’ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் டிலேதான். பக்கத்தில் ‘ரிப்பீட்’ குமிழும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ப்ளகினைத் திறந்தா ரூம், ஹால், ப்ளேட், ஸ்பிரிங்னு வரிசையா நிக்குது. உண்மையில் என்ன வித்தியாசம்?

ரூமும் ஹாலும் இடத்தைப் போலச் செய்பவை. ரூமில் முதல் எதிரொலிகள் சீக்கிரம் வந்து, வால் (தேய்ந்துபோகும் மிச்ச ஒலி) 0.3 முதல் 1 செகண்டுக்குள் முடிந்துவிடும். ஹாலில் முதல் எதிரொலி தாமதமாக வரும், அடர்த்தி மெதுவாக ஏறும், வால் 1.5 செகண்டிலிருந்து 3 அல்லது 4 வரை நீளும். பாடகர் எங்கே நிற்கிறார் என்று கேட்பவருக்குச் சொல்ல வேண்டுமானால் இந்த இரண்டில் ஒன்று.

சேம்பர் என்பது ஓடு பதித்த காலி அறை. அதற்குள் ஸ்பீக்கரும் மைக்கும் வைத்து, ஸ்பீக்கர் வழியே டிரைக் குரலை (ரிவெர்ப் சேராத மூலக் குரலை) அனுப்பி, அறை திருப்பித் தருவதைப் பதிவு செய்வார்கள். இன்றும் காசு செலவில்லாமல் செய்யக்கூடியது இது ஒன்றுதான்: டைல்ஸ் ஒட்டிய குளியலறை உங்களிடம் இருக்கிறது. ஸ்பீக்கரைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள், மைக்கை எதிர் மூலையில் வையுங்கள், வாளியை வெளியே எடுங்கள், குழாய் சொட்டுகிறதா என்று பாருங்கள். திரும்பி வரும் ஒலி பளபளப்பாக, நெருக்கமாக இருக்கும். பின்பாட்டுக் குரல்களுக்குப் பிரமாதம்.

ப்ளேட் எந்த இடத்தையும் காட்டாது. 1957இல் ஜெர்மனியின் இஎம்டி நிறுவனம் கொண்டுவந்த இஎம்டி 140தான் அதன் மூலம்: சுமார் 2 மீட்டருக்கு 1 மீட்டர், அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுத் தகடு, சட்டத்தில் இழுத்துக் கட்டித் தொங்கவிடப்பட்டது, பெட்டியோடு எடை 270 கிலோ அளவில். தகட்டை ஒரு டிரைவர் அதிரவைக்கும், பிக்கப்புகள் எடுக்கும். தகட்டில் ஒலி எடுத்த எடுப்பிலேயே அடர்த்தியாகிவிடும். ‘இது முதல் எதிரொலி, இது அடுத்தது’ என்ற படிகள் இல்லை. அதனால்தான் குரல் பெரிதாகத் தெரியும், ஆனால் பின்னால் தள்ளிப்போகாது. சினிமா மெலடி மாதிரி குரல் முன்னால் நிற்க வேண்டிய பாட்டுக்கு முதலில் எடுக்க வேண்டியது ப்ளேட்.

ஸ்பிரிங் (சுருள்கம்பி வழியே ஒலியை ஓடவிடுவது) ஹாமண்ட் ஆர்கனில் தொடங்கி கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்குள் போனது. தாளக் கருவியைக் கொடுத்தால் ‘டொய்ங்’ என்று துள்ளும். கிட்டாருக்கும் பழைய கால வாசனை வேண்டிய இடத்துக்கும் மட்டும்.

கேட்டட் ரிவெர்ப் வால் தேயும் முன்பே கதவைச் சாத்துவது. 1980களின் டிரம் சத்தம் அதுதான். ஷிம்மர் வாலை ஓர் ஆக்டேவ் ஏற்றி மீண்டும் உள்ளே விடுவது. குறும்படத்தின் கனவுக் காட்சிக்கு ஆகும், கொடைப் பாடலுக்கு ஆகாது.

அப்போ அல்காரிதம், கன்வல்யூஷன்னு சொல்றது?

அது இன்னொரு பிரிவினை, வேலை செய்யும் விதத்தைப் பற்றியது. அல்காரிதம் கணக்குப் போட்டு எதிரொலிகளைத் தானே உண்டாக்கும். பெல் லேபில் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் 1960களின் தொடக்கத்தில் போட்ட அடித்தளம் அது. இஎம்டி 250 (1976), லெக்சிகன் 224 (1978) என்ற கருவிகளாக ஸ்டுடியோவுக்குள் வந்தது. கன்வல்யூஷன் உண்மையான இடத்தின் ஒலிப்பதிவை, அதாவது இம்பல்ஸ் ரெஸ்பான்ஸை (சுருக்கமாக ஐஆர்), உங்கள் ஒலியோடு பெருக்கிச் சேர்க்கும். முதலாவது வளையும்: டீகே (வால் தேயும் நேரம்), அடர்த்தி, அசைவு எல்லாம் மாற்றலாம். இரண்டாவது உள்ளது உள்ளபடி: அந்த இடம் அப்படியே வரும், ஆனால் புகைப்படம் போல உறைந்திருக்கும். நீண்டு நிற்கும் குரலுக்கு மெல்ல அசையும் அல்காரிதம் இதம். படத்தில் ஒரு கல்மண்டபத்தை நம்பவைக்கக் கன்வல்யூஷன்.

அண்ணாச்சி, வில்லுப்பாட்டுக்கு எதைப் போட?

முதலில் வில்லுப்பாட்டு எங்கே நடக்கிறது என்று யோசியுங்கள். கோயிலுக்கு முன்னால், பந்தலுக்குக் கீழே, திறந்த வெளியில். அங்கே வாலே கிடையாது. தரையும் பந்தலும் கோயில் சுவரும் தரும் சில முதல் எதிரொலிகள்தான் உண்டு. அதனால் ஹால் போட்ட வில்லுப்பாட்டு எப்போதுமே கல்யாண மண்டபத்தில் எடுத்தது போலப் பொய்யாக ஒலிக்கும். ரூம் வகை, அல்லது முதல் எதிரொலிகளை மட்டும் தரும் ப்ரீசெட். டீகே 0.5 முதல் 0.8 செகண்டு. அதற்கு மேல் வேண்டாம்.

குழுவில் எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பதுதான் அடுத்த தப்பு. புலவர் குரலுக்குக் குறைவாக. ‘ஆமா’ போடும் பக்கப்பாட்டுக்காரர்களுக்கு 4 முதல் 6 டெசிபெல் கூடுதலாக. அவர்கள் அரை அடி பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார்கள், கதை சொல்பவர் தானாக முன்னால் வந்துவிடுவார். வால்யூமைத் தொடவே வேண்டாம்.

குடத்தின் ‘கும்’ ரிவெர்ப்புக்குள் போகவே கூடாது. அந்தத் தாழ்ந்த காற்றொலி வாலாக நீண்டால் உடுக்கையின் அடி எல்லாம் சேற்றில் விழுந்தது போலாகும். வில்லில் கட்டிய மணிகள் எதிர்ப்புறச் சிக்கல்: வீசுகோல் பட்டதும் 5 ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் கலகலக்கும், பிரகாசமான ரிவெர்ப் அதை ஓயாத ‘ஸ்ஸ்ஸ்’ ஆக்கிவிடும். வில்லின் மைக்கிலிருந்து சென்டே (ரிவெர்ப்புக்குப் பிரித்து அனுப்பும் ஒலி) வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ரிவெர்ப்பில் 5 ஆயிரத்துக்கு மேல் வெட்டிவிட்டுக் கொடுங்கள்.

கதை உரையாகப் பேசும் இடத்தில் சென்டை இறக்குங்கள், பாட்டுக்குத் திரும்பும்போது ஏற்றுங்கள். இந்த ஓர் ஆட்டோமேஷன் (அளவு தானாக ஏறி இறங்கும்படி எழுதிவைப்பது), விலை கூடிய ப்ளகினைவிட அதிக வேலை செய்யும்.

கீர்த்தனை, பாடகர் குழு, நாதஸ்வரம்?

நான்கு குரல் பாடகர் குழுவுக்கு ஹால்தான், 2 முதல் 2.8 செகண்டு. வேகமான கோரஸ் என்றால் 1.6. தனிக்குரல் கீர்த்தனைக்கு ப்ளேட்டை முன்னாலும் ஹாலைப் பின்னாலும் சேர்த்துப் போடலாம்: ப்ளேட் 1.4 செகண்டு காதில் தெரியும் அளவு, ஹால் 2.5 செகண்டு தெரியாத அளவு.

நாதஸ்வரம் வெளியில் வாசிக்கவே பிறந்தது. பத்தடி அறையில் அணசுக்குப் பக்கத்தில் மைக்கை நீட்டி எடுத்துவிட்டு, அந்தக் கூர்மையை ரிவெர்ப் மழுப்பும் என்று நினைப்பவர்கள் உண்டு. மழுப்பாது, கூர்மையை நீட்டிக் காட்டும். மைக்கை 2 மீட்டராவது தள்ளி, அணசின் நேர்க்கோட்டிலிருந்து விலக்கி வையுங்கள். பிறகு 1.8 முதல் 2.2 செகண்டு ஹால், டாம்பிங் (மேல் அதிர்வெண்களைச் சீக்கிரம் தேயவைப்பது) 3 ஆயிரத்து 500 ஹெர்ட்ஸ் அளவிலிருந்து. தவிலுக்கு ரூம் 0.4 போதும். நையாண்டி மேளம் முழுவதற்கும் ஒரே சிறிய ரூம். பம்பையும் உறுமியும் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

டீகே டைம் எவ்வளவு வைக்கணும்னு ஒரு கணக்கு உண்டா?

டீகே என்று போட்டிருப்பது ஒலி 60 டெசிபெல் தேய எடுக்கும் நேரம். பாட்டுக்குள் அவ்வளவு தூரம் கேட்காது. முதல் 15, 20 டெசிபெல் தேய்வதுதான் காதில் விழும். 2 செகண்டு வால் என்றால் அரை செகண்டு அளவுதான் உண்மையில் தெரிகிறது.

கணக்கு வேண்டுமானால் 60,000ஐ பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற எண்ணால்) வகுங்கள். 100 பிபிஎம்மில் ஒரு அடி 600 மில்லி செகண்டு, நான்கு அடித் தாளத்தில் ஒரு சுற்று 2.4 செகண்டு. வால் அடுத்த சுற்றின் முதல் அடி விழுமுன் அடங்கும்படி வைத்தால் தாளம் மூச்சுவிடும்.

ஆனால் தமிழில் பாடும்போது தாளத்தைவிட முக்கியமான ஒரு அளவுகோல் உண்டு: இரட்டை வல்லினம். ‘கட்டி’ என்னும்போது நாக்கு மேலே ஒட்டி, காற்று அடைபட்டு, ஒரு கணம் முழு மௌனம் விழுகிறது. ‘கடி’யில் அது இல்லை. அந்த மௌனத்தை வைத்துத்தான் காது இரண்டையும் பிரிக்கிறது. முந்தைய உயிரெழுத்தின் ரிவெர்ப் வால் அந்த இடைவெளியை நிரப்பினால் சொல் குழைந்துவிடும். க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப எல்லாவற்றுக்கும் இதே கதி. கொடைப் பாட்டுகள் இந்த எழுத்துகளின் மேலேதான் ஓடுகின்றன.

சோதனை எளிது. பாட்டில் இரட்டை வல்லினம் நெருக்கமாக வரும் ஒரு வரியைச் சுற்றில் ஓடவிடுங்கள். பாட்டு தெரியாத ஒருவரைக் கேட்கச் சொல்லி, வரியைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் முதலில் டீகேயைக் குறையுங்கள், அப்புறம் அளவை. பலர் அளவை மட்டும் குறைப்பார்கள். சொல் தெளியாது, ரிவெர்ப்பும் இல்லாமல் போகும்.

ப்ரீடிலே எதுக்கு?

டிரைக் குரலுக்கும் ரிவெர்ப் தொடங்குவதற்கும் நடுவே விடும் இடைவெளி அது. மெய்யெழுத்து முதலில் சுத்தமாகக் காதில் விழட்டும், பிறகு வால் வரட்டும் என்பதற்காக. குரலுக்கு 20 முதல் 60 மில்லி செகண்டு. 100 பிபிஎம்மில் அடியைப் பதினாறாக வகுத்தால் 37.5; அது நல்ல தொடக்கம். வில்லுப்பாட்டு மாதிரி கிளிக் (தாள அடி காட்டும் சத்தம்) இல்லாமல், வேகம் ஏறி இறங்கும் பதிவில் கணக்குப் போடாதீர்கள், 30ஐ வைத்துவிட்டுக் காதை நம்புங்கள்.

100ஐத் தாண்டினால் ரிவெர்ப் தனி எக்கோவாகப் பிரியும். தாளக் கருவிக்கு 0 முதல் 10. அதற்கு மேல் வைத்தால் ஒரே அடி இரண்டு அடியாகக் கேட்கும். இன்னொன்று: தகடு ப்ளேட்டில் ப்ரீடிலே என்று ஒன்று கிடையாது. பழைய பொறியாளர்கள் டேப் மெஷினை நடுவில் வைத்து அந்தத் தாமதத்தை உண்டாக்கினார்கள்.

ட்ராக்கிலேயே போடலாமா, இல்லை சென்ட் வழியாவா?

சென்ட் வழியாக. வழி இது: புதிதாக ஒரு பஸ் (பல ட்ராக்கின் ஒலி வந்து சேரும் பொதுத் தடம்) அல்லது எஃப்எக்ஸ் ட்ராக் உண்டாக்குங்கள். அதில் ரிவெர்ப் ப்ளகினைப் போட்டு வெட் (ரிவெர்ப் ஒலி) 100, டிரை 0. குரல் ட்ராக்கிலிருந்து போஸ்ட் ஃபேடர் சென்ட் (குரலின் வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்குவது). சென்டை மைனஸ் 20 டெசிபெலில் தொடங்கி ஏற்றுங்கள். ‘ஆ, ரிவெர்ப் வந்துவிட்டது’ என்று தோன்றும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து 2 அல்லது 3 டெசிபெல் இறக்குங்கள். கடைசியில் அந்த பஸ்ஸை ம்யூட் செய்து பாருங்கள்: பாட்டு திடீரென வறண்டால் அளவு சரி. எதுவும் மாறவில்லை என்றால் போதவில்லை.

வழக்கமாக நடக்கும் தப்பு, பஸ்ஸில் டிரையை 0 ஆக்க மறப்பது. அப்போது சென்டை ஏற்ற ஏற்றக் குரலே கூடும். ப்ளகினுக்குச் சிறு தாமதம் இருந்து சாஃப்ட்வேர் அதை ஈடுசெய்யாவிட்டால், இரண்டு குரலும் மோதி, குழாய்க்குள்ளிருந்து பாடுவது போல உள்ளீடற்றுப் போகும். ப்ரீ ஃபேடர் சென்ட் வைத்தால் குரலைக் கீழே இறக்கினாலும் ரிவெர்ப் மட்டும் அப்படியே நிற்கும். பாடகர் நடந்து தூரம் போகும் காட்சிக்கு அது வேண்டும், மற்றபடி வேண்டாம்.

மொத்தப் பாட்டுக்கும் இரண்டு பஸ் போதும்: ஒரு சின்ன ரூம், ஒரு ப்ளேட் அல்லது ஹால். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ரிவெர்ப் என்று பன்னிரண்டு போட்டால் பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு ஊரில் வாசிப்பார்கள்.

ரிவெர்ப் போட்டதும் மிக்ஸ் கொழகொழன்னு ஆயிடுது.

ரிவெர்ப் பஸ்ஸில், ப்ளகினுக்கு முன்னால் ஈக்யூ போடுங்கள். 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். நெருக்கடியான பாட்டென்றால் 400, 600 வரை போகலாம். மேலே 7 முதல் 10 ஆயிரத்துக்கு அப்பால் வெட்டுங்கள். லண்டன் ஏபி ரோடு ஸ்டுடியோவின் முறை என்று பரவலாகச் சொல்லப்படுவது 600க்குக் கீழும் 10 ஆயிரத்துக்கு மேலும் வெட்டுவது. தனியாகக் கேட்டால் டப்பாவுக்குள் இருப்பது போல மெலிதாக ஒலிக்கும், பயப்படாதீர்கள். பாட்டோடு சேர்ந்தால் சரியாகிவிடும்.

ச, ஸ, ஷ வரும் இடத்தில் ‘ஸ்ஸ்’ என்று வால் நீண்டால், குரலில் டீ எஸ்ஸர் (அந்த ‘ஸ்ஸ்’ஸை அமுக்கும் ப்ளகின்) இருந்தாலும் ரிவெர்ப் பஸ்ஸின் தொடக்கத்தில் இன்னொன்று போடுங்கள். இங்கே முரட்டுத்தனமாக அமுக்கலாம், யாருக்கும் தெரியாது.

இன்னும் தெளியவில்லையா? ப்ளகினுக்குப் பின்னால் ஒரு கம்ப்ரஸரை (ஒலி கூடினால் அமுக்குவது) வைத்து, சைட்செயினில் (எப்போது அமுக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லும் வழியில்) டிரைக் குரலைக் கொடுங்கள். அட்டாக் 10, ரிலீஸ் 200 முதல் 300 மில்லி செகண்டு, 3 முதல் 5 டெசிபெல் இறங்கும்படி. பாடும்போது ரிவெர்ப் ஒதுங்கும், வரி முடிந்ததும் எழும்பும். சொல்லும் தெளிவு, சூழலும் நிறைவு.

டிரையா எடுத்தாலே ரூம் சத்தம் வருது. அதுக்கு மேல ரிவெர்ப் போட்டா அசிங்கமா இருக்கு.

இதுதான் இந்தப் பக்கத்து வீட்டு ஸ்டுடியோக்களின் உண்மையான பிரச்சினை. ப்ளகின் வகை எல்லாம் அப்புறம்.

10க்கு 10 அறை, 10 அடி உயரம், சிமெண்டுப் பூச்சு, டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. சபீன் சூத்திரத்தில் வால் நேரம் என்பது 0.161ஐ அறையின் கன அளவால் பெருக்கி, மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுப்பது. கன அளவு சுமார் 28 கன மீட்டர். சுவரும் தரையும் கூரையுமாக 56 சதுர மீட்டர் இருந்தாலும், பூச்சுச் சுவர் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே உறிஞ்சும். போட்டுப் பார்த்தால் காலி அறை 2 செகண்டைத் தாண்டுகிறது. உங்கள் ஹால் ப்ரீசெட்டைவிட நீளம்! அதுவும் மூன்று பக்கமும் ஒரே நீளம் என்பதால் 57 ஹெர்ட்ஸ் அளவிலும் அதன் மடங்குகளிலும் ஒலி குவிந்து உறுமும்.

0.4 செகண்டுக்குக் கொண்டுவர சுமார் 11 சதுர மீட்டர் முழு உறிஞ்சல் வேண்டும். இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளைப் பாடகருக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் நிறுத்துங்கள். மைக்கின் முகம் பார்ப்பது பாடகருக்குப் பின்னால் இருக்கும் சுவரைத்தான், மைக்குக்குப் பின்னால் இருப்பதை அல்ல. தரையில் ஜமுக்காளம், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி மடித்துத் தொங்கவிட்ட கனமான போர்வைகள், துணி நிறைந்த பீரோவின் கதவைத் திறந்து வைப்பது என்று சேர்த்துக்கொண்டே போக வேண்டும். பத்தமடைப் பாயைச் சுவரில் மாட்டினால் அறை அழகாகும். ஒலியைப் பொறுத்தவரை பெரிதாக ஒன்றும் ஆகாது, அவ்வளவு மெல்லியது. முட்டை அட்டையும் அப்படித்தான்.

மைக்கிலிருந்து வாய் 15 முதல் 20 சென்டிமீட்டர். மின்விசிறியை நிறுத்துங்கள். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று ஜன்னல் இடுக்கில் ஊதுவது டிரையில் தெரியாது. கம்ப்ரஸரும் ரிவெர்ப்பும் போட்ட பிறகு பாட்டு முழுக்க ஒரு மூச்சிரைப்பாக ஓடும்.

எடுத்து முடிச்சாச்சு, இனி ரூம் சத்தத்தை நீக்க முடியுமா?

ஓரளவு. டீ ரிவெர்ப் ப்ளகின்கள் வாலைக் குறைக்கும், முதல் எதிரொலிகளை முழுதாக எடுக்க முடியாது. பாதி அளவுக்கு மேல் தள்ளினால் குரல் தண்ணீருக்குள் போகும். பாடகர் உள்ளூர்க்காரர் என்றால் மறுபடி வரச்சொல்வதே மலிவு.

நெல்லையப்பர் கோயில் கல்மண்டபம் மாதிரியே வேணும். அந்த இடத்தையே பிடிச்சுட்டு வர முடியுமா?

முடியும், கன்வல்யூஷன் அதற்குத்தான். முதலில் கோயில் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக அனுமதி. கோயில் அறநிலையத்துறையின் கீழ் வருகிறது. ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய் நிற்கிற காரியம் இல்லை. மணிமண்டபத்து இசைத் தூண்களைத் தட்டிப் பதிவு செய்வது வேறு விஷயம். அது கல்லின் சுரம், மண்டபத்தின் ரிவெர்ப் இல்லை, அந்தத் தூண்களைத் தட்டவும் கூடாது.

தேவையானவை: பேட்டரியில் ஓடும் நல்ல ஸ்பீக்கர், ஒரே மாதிரி இரண்டு மைக், இன்டர்ஃபேஸ், லேப்டாப். பாடகர் நிற்கும் இடத்தில் ஸ்பீக்கர். கேட்பவர் இடத்தில், 4 முதல் 8 மீட்டர் தள்ளி, மைக் ஜோடி. 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 ஆயிரம் வரை ஏறும் சைன் ஸ்வீப்பை 15 முதல் 20 செகண்டு ஓடவிட்டு, 48 கிலோ ஹெர்ட்ஸ் 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். ஸ்வீப் முடிந்த பிறகும் 6 செகண்டு பதிவை நிறுத்தாதீர்கள். மூன்று முறை எடுங்கள். பிறகு டீகன்வல்யூஷன் கருவியில் மூல ஸ்வீப்பையும் பதிவையும் கொடுத்தால் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கிடைக்கும். முன்னால் உள்ள வெற்றிடத்தை வெட்டி, வால் இரைச்சலில் கரையும் இடத்தில் ஃபேட் அவுட் கொடுத்து, வேவ் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

கெட்டுப்போகும் இடங்கள்: வவ்வாலும் புறாவும் ஒன்று. ஸ்வீப்பை ஒரு கருவியில் ஓடவிட்டு இன்னொன்றில் பதிவது இரண்டு. இரண்டின் கடிகாரமும் சற்று விலகி, ஐஆர் ‘பியூ’ என்று வழுக்கும். காற்று வீசும்போது எடுத்த மூன்றையும் சேர்த்துச் சராசரி எடுப்பது மூன்று. மேல் அதிர்வெண்கள் மங்கிவிடும், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பலூன் உடைத்தும் எடுக்கலாம், ஆனால் தாழ்ந்த அதிர்வெண்ணில் அதற்கு வலு கிடையாது.

தேவாலயத்தில் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. காலியான ஆலயத்தின் ஐஆர், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கேட்டுப் பழகியதைவிட நீளமாக இருக்கும். ஒருவர் உட்கார்ந்தாலே சுமார் அரை சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சுகிறார். முந்நூறு பேர் என்றால் கணக்கே வேறு. பாளையங்கோட்டை ஊசிக் கோபுரத்து ஆலயமானாலும் கடற்கரை ஊர்க் கோயிலானாலும், கன்வல்யூஷன் ப்ளகினில் உள்ள டீகே என்வலப்பை மூன்றில் ஒரு பங்கு சுருக்கிப் பாருங்கள், ஆராதனை நேரத்து ஒலி வந்துவிடும்.

ஓசி ப்ளகின்ல எது நல்லது?

டிராகன்ஃபிளை ரிவெர்ப்: ஹால், ரூம், ப்ளேட், முதல் எதிரொலிகள் என்று நான்கு தனிப் ப்ளகின்கள். மேலே சொன்னதில் முக்கால்வாசி அதிலேயே முடியும். வால்ஹாலா சூப்பர்மாசிவ் பிரம்மாண்டமான வெளிகளுக்கு, வில்லுப்பாட்டின் பக்கம் அதைக் கொண்டுவர வேண்டாம். ரீப்பர் வைத்திருந்தால் அதிலேயே ரியாவெர்ப் என்ற கன்வல்யூஷன் இருக்கிறது. கிராக் ப்ளகின் தேடி வைரஸ் வாங்கத் தேவையே இல்லை.

ஹெட்போன்ல சரியா இருக்கு. கொடையில ரேடியோ செட்ல போட்டா ஒரே இரைச்சல்.

தெருவோரம் கட்டிய கூம்பு ஸ்பீக்கர்கள் தாங்களே ரிவெர்ப் போடுகின்றன. 35 மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்பு இருந்தால், ஒன்றின் அடியில் நிற்பவருக்கு மற்றது 100 மில்லி செகண்டு தாமதமாக வருகிறது. மூன்று, நான்கு என்றால் தெருவே ஓர் எக்கோ மெஷின். அதன் மேல் உங்கள் 2 செகண்டு ஹாலும் சேர்ந்தால் சாமி பெயர்கூடப் புரியாது.

ரேடியோ செட்டுக்கென்று தனி மிக்ஸ் எடுங்கள். ஹாலை அணைத்து, ரூமை மட்டும் 0.4இல் வைத்து, சென்டை 6 டெசிபெல் இறக்குங்கள். மோனோவில் கேளுங்கள். மிக அகலமாக விரித்த ரிவெர்ப் மோனோவில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பாதி காணாமல் போகும், அல்லது நிறம் மாறிவிடும். கூம்பு 300க்குக் கீழே எதையும் தருவதில்லை என்பதால், அங்கே வெட்டிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

ஹெட்போனில் ரிவெர்ப் துல்லியமாகத் தெரியும், அதனால் கை தானாகக் குறைத்துப் போடும். எதிரொலிக்கும் அறையில் ஸ்பீக்கர் வைத்து மிக்ஸ் செய்தால் நேர் எதிர்: அறைச் சத்தம் ப்ளகினை மறைக்கும், கூட்டிப் போடுவீர்கள். இரண்டிலும் கேட்டுவிட்டு, கடைசியாகப் போனின் ஒற்றை ஸ்பீக்கரில் கேளுங்கள்.

பாடும்போதே காதில் ரிவெர்ப் கேட்டாத்தான் எனக்குப் பாட வருது.

தப்பில்லை. மானிட்டருக்கு மட்டும் கொடுங்கள், பதிவில் சேரக் கூடாது. பஃபர் (கணினி ஒலியைத் தேக்கி அனுப்பும் அளவு) 64 அல்லது 128, லேசான அல்காரிதம் ரிவெர்ப். கன்வல்யூஷன் வேண்டாம், பல ப்ளகின்களில் தாமதம் சேரும், லேப்டாப் திணறினால் பதிவில் ‘டிக் டிக்’ விழும். அளவு கூடினால் பாடகர் சுருதி விலகுவதைத் தானே கவனிக்க மாட்டார்.

ரெண்டர் பண்ணினா கடைசி வால் வெட்டிப்போகுது.

ரெண்டர் எல்லை கடைசி கிளிப்போடு நின்றுவிடுகிறது. ரெண்டர் அமைப்பில் ‘டெயில்’ என்று ஒரு பெட்டி இருக்கும்; அதை டிக் செய்து 5,000 மில்லி செகண்டு கொடுங்கள். அந்த வசதி இல்லாத சாஃப்ட்வேரில் முடிவு எல்லையைக் கையால் 5 செகண்டு தள்ளி வைத்து, மாஸ்டரில் கடைசி 2 செகண்டுக்கு ஃபேட் அவுட். மாஸ்டரில் லிமிட்டர் பலமாக வேலை செய்தால், பாட்டு நின்றதும் அது கையை விட்டு வால் சட்டென்று எழும்பும். அப்படிக் கேட்டால் அந்த இடத்தில் ரிவெர்ப் பஸ்ஸை 2 டெசிபெல் இறக்கி ஆட்டோமேஷன் எழுதிவிட்டு மறுபடி ரெண்டர் செய்யுங்கள்.